பொதுப் பணத்தில் ஓடும் சேனல், உங்கள் போனில் மட்டும் ஏன் ஓடவில்லை?

மேட்ச் நாளில் இது அடிக்கடி நடக்கும். டாஸ் போட்டாயிற்று, டிடி ஸ்போர்ட்ஸில் இலவசமாக வருகிறது என்று யாரோ வாட்ஸப்பில் போட்டிருக்கிறார்கள், நீங்கள் யூடியூபைத் திறந்து தேடினால் கபடியோ ஹாக்கியோ ஓடுகிறது, கிரிக்கெட்டைக் காணோம். சரி, கேபிளில் பார்ப்போம் என்று டிவியைப் போட்டால் அங்கேயும் வேறு நிகழ்ச்சி. "நம்ம வரிப்பணத்துல ஓடுற சேனல், நமக்கே காட்ட மாட்டேங்கிறாங்க" என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார்.

கோபம் நியாயம்தான். ஆனால் சேனலை நடத்துகிற பணம் நம்முடையது என்றாலும் அதில் ஓடுகிற மேட்ச், சினிமாப் பாட்டு, வெளியே வாங்கிய படம் எல்லாம் வேறு யாருக்கோ சொந்தம். சேனல் அவற்றை இந்த நாட்டுக்கு, இத்தனை நாளுக்கு, இந்த வழியாக மட்டும் என்று குத்தகைக்கு எடுத்திருக்கிறது, அவ்வளவுதான். அதனால் ஒரு நேரலை ஓடாதபோது முதல் வேலை, குத்தகையின் எந்த வரி உங்களைத் தடுக்கிறது என்று கண்டுபிடிப்பது. பூட்டு எது என்று தெரிந்தால் சாவி உண்டா இல்லையா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

முதலில் திரையில் வரும் செய்தியைப் படியுங்கள், பாதிப் பேர் அதைப் படிப்பதே இல்லை. "உங்கள் பகுதியில் கிடைக்காது" என்றால் இடப் பூட்டு. நேற்று வரை இருந்த பக்கம் இன்று காணோம் என்றால் காலப் பூட்டு. சேனல் நன்றாக ஓடுகிறது, குறிப்பிட்ட ஒரு நிகழ்ச்சி வரும்போது மட்டும் வேறு படமோ பழைய நிகழ்ச்சியோ வருகிறது என்றால் அந்த நிகழ்ச்சிக்கான இணைய உரிமை சேனலிடம் இல்லை என்று அர்த்தம்.

இடப் பூட்டு என்று தெரிந்ததும் உரிமையாளரைத் திட்டும் முன் உங்கள் கருவியைப் பாருங்கள். நான் ஒருமுறை இந்தியாவில் உட்கார்ந்துகொண்டே ஒரு நேரலை "உங்கள் நாட்டில் இல்லை" என்று சொல்ல, அரை மணி நேரம் ஆப்பை அழித்து, திரும்பப் போட்டு, ரவுட்டரை அணைத்துப் போட்டு, கடைசியில் பார்த்தால் அலுவலக மடிக்கணினியின் விபிஎன் சிங்கப்பூர் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. விபிஎன்னை அணைத்துவிட்டு, வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பாருங்கள். உங்கள் ஐபி முகவரி எந்த நாட்டைக் காட்டுகிறது என்று தேடிப் பாருங்கள். வெளிநாட்டு சிம்மை ரோமிங்கில் வைத்திருந்தால் நீங்கள் மதுரையில் இருந்தாலும் இணையம் உங்களை அந்த நாட்டிலேயே இருப்பதாக நினைக்கும்.

இப்போது கிரிக்கெட்டுக்கு வருவோம், இதில்தான் குழப்பம் அதிகம். 2007-இல் ஒரு சட்டம் வந்தது. தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று அரசு அறிவிக்கும் போட்டிகளின் நேரலை சிக்னலை, உரிமை வாங்கிய தனியார் சேனல், தூர்தர்ஷனையும் ஆகாசவாணியையும் நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர்ந்தாக வேண்டும், அதுவும் தன் விளம்பரங்கள் இல்லாமல். இந்திய ஆண்கள் அணி ஆடும் ஒருநாள், டி20 போட்டிகள் அந்தப் பட்டியலில் உண்டு, ஐபிஎல் கிடையாது. விளம்பர வருமானத்தில் டிவிக்கு 75:25, வானொலிக்கு 50:50 என்று பங்கு, 75 உரிமையாளருக்கு. இதுவரை கேட்கும்போது நமக்குச் சாதகமாகத்தானே இருக்கிறது?

சிக்கல் அடுத்த வரியில். பிரசார் பாரதி அதைத் தன்னுடைய தரைவழி ஒளிபரப்பிலும் (டவரிலிருந்து வீட்டு ஆன்டெனாவுக்கு வருவது) தன்னுடைய டிடிஎச்சிலும்தான் காட்டலாம் என்கிறது சட்டம். ஆனால் கேபிள்காரர்கள் தூர்தர்ஷன் சேனல்களைக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று இன்னொரு சட்டம் சொல்வதால் மேட்ச் அவர்கள் வழியாகவும் போய்க்கொண்டிருந்தது. கோடிகளைக் கொட்டி உரிமை வாங்கியவன் சும்மா இருப்பானா? வழக்கு போனது, டெல்லி உயர் நீதிமன்றம் தாண்டி உச்ச நீதிமன்றம் வரை. 2017 ஆகஸ்டில் தீர்ப்பு: பகிரப்பட்ட சிக்னல் பிரசார் பாரதியின் சொந்தத் தரைவழிக்கும் சொந்த டிடிஎச்சுக்கும் மட்டும், கேபிளுக்குக் கிடையாது. கேபிளில் மேட்ச் நேரத்தில் வேறு நிகழ்ச்சி ஓடுவது அதனால்தான். 2007 சட்டத்தில் இணையம் என்ற வழியே எழுதப்படாததால் யூடியூபிலும் ஆப்பிலும் போட முடியாது. தரைவழி டவர்களைப் பெரும்பாலும் மூடியாயிற்று. மிச்சம் இருக்கும் ஒரே இலவசக் கதவு பிரசார் பாரதியின் சொந்த டிடிஎச்சான டிடி ஃப்ரீ டிஷ்.

ஆகவே செய்ய வேண்டியது: போனில் தேடுவதை விட்டுவிட்டு ஃப்ரீ டிஷ் போடுங்கள். மாதக் கட்டணம் கிடையாது, டிஷ்ஷும் செட்டாப் பாக்ஸும் வாங்கும் செலவோடு சரி. ஜிசாட்-15 செயற்கைக்கோள், 93.5 டிகிரி கிழக்கு; டிஷ் பொருத்த வருகிறவருக்கு இது தெரிந்திருக்கும், தெரியவில்லை என்றால் வேறு ஆளைக் கூப்பிடுங்கள். மொட்டைமாடியில் தென்னை மட்டை மறைக்காத இடமாகப் பார்த்து வையுங்கள். போனில்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் உரிமை வாங்கிய ஆப்புக்குப் பணம் கட்டுவதைத் தவிர நேர்வழி இல்லை. டெலிகிராமில் சுற்றும் லிங்க்குகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, சூதாட்ட விளம்பரங்களுக்கு நடுவே ஸ்கோர் தேடுவது உங்கள் விருப்பம்.

1995-இல் இதே கிரிக்கெட் தொடர்பான ஒரு வழக்கில்தான், வங்காளக் கிரிக்கெட் சங்கத்தின் வழக்கு, அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அலைவரிசை பொதுச் சொத்து, அதில் போகிற மேட்ச் தனிச் சொத்து. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதுதான் நம் தலைவலி.

கிரிக்கெட்டை விட்டுவிட்டால் இந்தியப் பக்கம் நிறையவே திறந்துதான் கிடக்கிறது, நாம்தான் பார்ப்பதில்லை. நியூஸ்ஆன்ஏர் ஆப்பில் ஆகாசவாணியின் 240-க்கும் மேற்பட்ட சேவைகள் நேரலையில் வருகின்றன, வெளிநாட்டிலும் கேட்கிறார்கள். துபாயில் இருக்கும் அத்தை காலையில் திருச்சி நிலையத்தையோ நெல்லையையோ கேட்கலாம். 2024 நவம்பரில் வந்த வேவ்ஸ் ஆப்பில் டிடி சேனல்களும் வானொலியும் சேர்ந்தே இருக்கின்றன. பொதிகை என்று தேடிக் கிடைக்கவில்லை என்றால் டிடி தமிழ் என்று தேடுங்கள், 2024 ஜனவரியில் பெயர் மாறிவிட்டது.

வானொலியில் ஒரு விஷயம் கவனியுங்கள்: நேரலையில் கேட்ட நிகழ்ச்சி பிறகு பதிவாகக் கிடைக்காமல் போகலாம், கிடைத்தாலும் பாட்டுகள் வெட்டப்பட்டிருக்கலாம். ஒரு பாட்டை ஒருமுறை ஒலிபரப்புவதற்கான உரிமம் வேறு, வேண்டும்போதெல்லாம் எடுத்துக் கேட்கும்படி வைப்பதற்கான உரிமம் வேறு. இது எல்லா நாட்டிலும் இருக்கிற கதை. பிபிசியின் 'டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்' நிகழ்ச்சியே பாட்டைச் சுற்றித்தான் நடக்கிறது, பாட்காஸ்ட் வடிவத்தில் அந்தப் பாட்டுகள் கொஞ்சமே ஒலிக்கும். அப்படிப்பட்ட நிகழ்ச்சி பிடித்திருந்தால் நேரலையிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆவது பிரிவு, ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்கு ஒலிபரப்பைப் பதிவு செய்வதை மீறலாகப் பார்ப்பதில்லை. சொந்த உபயோகம் என்றால் சொந்த உபயோகம். குடும்ப குரூப்பில் தொடங்கி யூடியூபில் முடிகிற உபயோகம் அதில் வராது.

அடுத்து பிபிசி. அதன் வீடியோத் தளமான ஐபிளேயர் பிரிட்டனுக்குள் மட்டும், கூடவே டிவி லைசென்ஸ், அதாவது டிவி பார்ப்பதற்கு அங்கே கட்டும் கட்டணம், வேண்டும். 2016 செப்டம்பரிலிருந்து பழைய நிகழ்ச்சியை ஐபிளேயரில் பார்க்கக்கூட லைசென்ஸ் கட்டாயம். அங்கே படிக்கப் போகும் பிள்ளைகள் "லேப்டாப்பில்தானே பார்க்கிறேன்" என்று நினைத்துவிடாதீர்கள், கருவி எதுவானாலும் விதி அதுதான். வானொலிக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஊருக்குக் கிளம்பும் முன் ஐபிளேயர் ஆப்பில் நிகழ்ச்சிகளை இறக்கி வைத்துக்கொண்டால் விமானத்திலும் இங்கே வந்த பிறகும் கெடு முடியும்வரை பார்க்கலாம், இதை பிபிசியே அனுமதிக்கிறது. விபிஎன் போட்டு நுழைவதை அவர்கள் கண்டுபிடித்துத் தடுக்கிறார்கள், அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வானொலிக்கும் பாட்காஸ்டுக்குமான ஆப்பான பிபிசி சவுண்ட்ஸை 2025 ஜூலை 21-இல் பிரிட்டனுக்கு வெளியே மூடிவிட்டார்கள். ரேடியோ 4-உம் உலகச் சேவையும் இனி பிபிசியின் சர்வதேசத் தளத்திலும் ஆப்பிலும். பாட்காஸ்டுகளை எந்த பாட்காஸ்ட் ஆப்பிலும் கேட்டுக்கொள்ளலாம். விளையாட்டு வர்ணனைக்கு இடப் பூட்டு போடுவதை நான் ஒத்துக்கொள்வேன், உரிமையே நாடு நாடாகத்தான் விற்கிறது. சொந்தமாகத் தயாரித்த, பாட்டோ விளையாட்டோ இல்லாத நிகழ்ச்சிகளுக்கும் நாட்டு வேலி போடுவதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை.

ஜெர்மனியில் கதை வேறு. அங்கே பொது ஒளிபரப்புக்கென வீட்டுக்கு வீடு மாதம் 18.36 யூரோ கட்டுகிறார்கள், ஆனால் 2009-இல் வந்த ஓர் ஒப்பந்தத்தால் பல நிகழ்ச்சிகளை ஏழே நாளில் இணையத்திலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. தனியார் ஒளிபரப்பாளர்களும் பத்திரிகை முதலாளிகளும் கொடுத்த நெருக்கடி அதன் பின்னால் இருந்தது. மக்கள் காசில் எடுத்து, போட்டு, மறுபடி மக்கள் கண்ணில் படாமல் எடுக்கிற இந்த வேலைக்கு 'டெபுப்ளிட்சீரன்' என்று ஒரு சொல்லே உண்டாகிவிட்டது. 2019-இல் விதியைத் தளர்த்தினார்கள், ஆனாலும் கெடு என்ற பழக்கம் போகவில்லை. அங்குள்ள பொது ஒளிபரப்பான ஏஆர்டியின் வீடியோத் தளம் ஏஆர்டி மெடியாதெக், அதில் எந்த நிகழ்ச்சிக்குக் கீழேயும் எதுவரை கிடைக்கும் என்ற தேதியைப் பாருங்கள். ஜெர்மன் படிக்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது மெடியாதெக்வியூ என்ற இலவச மென்பொருள். ஏஆர்டி, இசட்டிஎஃப் என்று எல்லாப் பொது சேனல்களின் நிகழ்ச்சிகளையும் ஒரே பட்டியலில் தேடி, பூட்டில்லாதவற்றை இறக்கியும் கொள்ளலாம்.

அங்கே இன்னொரு விசித்திரப் பூட்டு கடிகாரத்தில் இருக்கிறது. 16 வயதுக்கு மேற்பட்டோருக்கான படம் இரவு 10 மணிக்குப் பிறகுதான் திறக்கும், கணக்கு வைத்து வயதை நிரூபித்தால் ஒழிய. பெர்லினில் கோடைக்காலத்து இரவு 10 என்றால் நமக்கு நள்ளிரவு 1:30. சென்னையில் சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து 'ஓடவில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவருக்கு இதை விளக்கியிருக்கிறேன், அவர் அடுத்த நாள் அலாரம் வைத்து எழுந்தார்.

பார்ப்பது மட்டும் போதாது, ஒரு துண்டை எடுத்து உங்கள் வீடியோவில் போட வேண்டும் என்றால் 'இலவசமாகக் கிடைக்கிறது' என்பதை 'எடுத்துக்கொள்ளலாம்' என்று படிக்காதீர்கள். உரிமம் எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். இசட்டிஎஃப்பின் 'டெர்ரா எக்ஸ்' ஆவணப்படத் தொடரின் சில துண்டுகளை, பிறரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டிருக்கிறார்கள், பெயர் குறிப்பிட்டால் போதும், விக்கிப்பீடியாவில்கூடப் போடலாம். நம் ஊர்ப் பழைய வானொலி நாடகம் என்றால் அடுக்கு அடுக்காகப் பார்க்க வேண்டும். ஒலிபரப்பு நிறுவனத்தின் மறு ஒலிபரப்பு உரிமை 25 ஆண்டு. ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு. நாடகத்தை எழுதியவரின் உரிமை அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு. அதனால் 1990-இல் வந்த நாடகம் 'பழசுதானே' என்று யூடியூபில் ஏற்றினால், முதல் அடுக்கு தீர்ந்திருந்தாலும் மற்ற இரண்டும் அப்படியே நிற்கும்.

யாருக்கு உரிமை என்றே தெரியவில்லையா? பிரசார் பாரதி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வருகிற அமைப்பு, 10 ரூபாய் கட்டி ஆன்லைனிலேயே மனு போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் ஒரு தவறை எல்லோரும் செய்கிறார்கள்: "அந்த நிகழ்ச்சியின் நகலைத் தாருங்கள்" என்று கேட்கிறார்கள். அரசு அல்லாத ஒருவரின் பதிப்புரிமையை மீறுவதாக இருந்தால் மறுக்கலாம் என்று அதே சட்டத்தின் 9ஆவது பிரிவு சொல்கிறது, மனு அங்கேயே முடிந்துவிடும். அதற்குப் பதில், நிகழ்ச்சியின் பெயர், ஒலிபரப்பான நிலையம், ஆண்டு மூன்றையும் எழுதி, "இதன் பதிவு உங்கள் காப்பகத்தில் உள்ளதா, இணைய உரிமை யாரிடம் உள்ளது, எந்தத் தேதி வரை" என்று மூன்று கேள்வியாகக் கேளுங்கள். ஒப்பந்தத் தொகையை மட்டும் கேட்காதீர்கள், வணிக ரகசியம் என்று ஒரே வரியில் திருப்பி அனுப்ப அது வசதியான காரணமாகிவிடும்.