விரல் உருட்டியது, மனசு ஊர் சுற்றியது

காலை அஞ்சு மணிக்கு ஜபமாலையோடு உட்கார்ந்து 'நமசிவாய' என்று மனசுக்குள் சொல்ல ஆரம்பிப்பேன். மாலையின் இருபதாவது மணியை உருட்டுவதற்குள் மனசு கரண்ட் பில்லுக்குப் போய்விடும். ஒரு சுற்று முடியும் இடத்தில் இருக்கும் மேரு மணி கட்டைவிரலில் இடிக்கும்போதுதான் 108 முடிந்ததே தெரியும். சில நாள் குறட்டைகூட விட்டிருக்கிறேன், வீட்டில் சாட்சி உண்டு.

ஜபத்தில் வாசிகம், உபாம்சு, மானசம் என்று மூன்று வகை. மனசுக்குள்ளேயே சொல்லும் மானசம்தான் உயர்ந்தது என்று கேட்டு நேரே அதில் குதித்ததுதான் என் தப்பு. இப்போது முதல் சுற்று வாய்விட்டு. அடுத்தது உபாம்சு: உதடு அசையும், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. அப்புறம்தான் மௌனம். மூச்சு வெளியே போகும்போது ஐந்தெழுத்து. உள்ளே வரும்போது சும்மா இருப்பேன். மனசு ஓடினால் மறுபடி உதட்டுக்கு இறங்கிவிடுவேன்.

நாலு நிமிஷத்தில் முடிந்த சுற்றுக்கு இப்போது பத்து ஆகிறது. கரண்ட் பில் இன்னும் வருகிறது, மூன்றாவது சுற்றில்.