கல்வெட்டு எழுதக் கேட்டால்

"சேர், அப்பாவின்ர கல்வெட்டு ஒண்டு எழுதித் தரவேணும்." செத்தவீட்டின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கையோடு யாராவது யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் என் வீட்டுப் படலையைத் திறந்தால், அநேகமாக இதைத்தான் கேட்பார்கள். தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவனுக்கு ஊர் கொடுத்த வேலை.

தமிழ்நாட்டு நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "எந்தக் கோயிலில்?" என்று கேட்டார். அங்கே கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டியது. எங்களுக்கோ அது ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் நடக்கும் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்தவர்களின் கையில் கொடுக்கும் சிறு புத்தகம். அதற்குள் இருக்கும் வாழ்க்கைச் சுருக்கத்துக்கும் பாட்டுக்கும்கூட அதே பெயர்தான். அட்டையில் 'நினைவு மலர்' என்று போட்டிருந்தாலும் வாயில் வருவது "கல்வெட்டு அடிச்சாச்சோ?" என்பதுதான். உயிரோடு இருப்பவருக்கு இந்தச் சொல்லைத் தப்பித்தவறியும் பாவிக்காதீர்கள். வேலைக்கு அனுப்புவது சுயவிபரக்கோவை. பேப்பரில் வருவது மரண அறிவித்தல்.

முதலில் திதி வெண்பா. வருடம், மாதம், பட்சம், திதி, பெயர் எல்லாம் நாலு அடிக்குள் வரவேண்டும். அலங்காரத்துக்காக அல்ல. ஆண்டுத் திவசம் திதியைப் பார்த்துத்தான் வரும். பிள்ளைகள் மறக்காமல் இருக்கவே பாட்டு. வளர்பிறை பூர்வபட்சம், தேய்பிறை அபரபட்சம். வீட்டில் வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணிதமா என்று கேளுங்கள். இரண்டும் கணிக்கும் முறை வேறு என்பதால் சில நாட்களில் திதி மாறும். வருடப் பெயரும் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 1964இல் வந்த குரோதிதான் 2024இலும் வந்தது. ஆகவே கீழே ஆங்கிலத் தேதியையும் போட்டுவிடுங்கள். வெண்பா தளை தட்டினால் வெட்கப்படாமல் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அப்புறம் வாழ்க்கை வரலாறு. "பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட" என்று தொடங்குவது வழக்கம், இருக்கட்டும். ஆனால் 'பரோபகாரி', 'பண்பாளர்' என்று அடுக்கினால் ஆளின் படத்தை மாற்றி எந்த வீட்டுக்கும் கொடுக்கலாம். நான் மகளிடமோ பக்கத்து வீட்டாரிடமோ தேத்தண்ணி குடித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்பேன்: "கரண்ட் இல்லாத காலத்தில அவர் என்ன செய்தவர்?" ஒருவர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி, ஒழுங்கைச் சனத்துக்கெல்லாம் ரேடியோவில் பிபிசி தமிழோசை கேட்க வைத்தவர். அதை ஒரு வரியில் எழுதினேன். அந்தியேட்டியில் வாசித்தபோது, அதுவரை அழாத மூத்த மகன் அந்த வரியில் அழுதார்.

இடப்பெயர்வை "நாட்டுச் சூழ்நிலை காரணமாக" என்று மூடி மறைப்பது எனக்குப் பிடிக்காது. 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது, அங்கிருந்து நடந்தவர் என்றால் அப்படியே எழுதுங்கள். எதைத் தூக்கிக்கொண்டு நடந்தார் என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். எதை விடுவது என்பதை மட்டும் வீட்டார் தீர்மானிக்கட்டும். சொத்துத் தகராறு கல்வெட்டுக்குள் வரக்கூடாது.

வம்சாவளிதான் கண்ணிவெடி. ஒருமுறை ஒரு மருமகனின் பெயரை விட்டுவிட்டேன். பிழை முழுக்க என்னுடையது. இரவிரவாக முந்நூறு பிரதிகளில் துண்டுக் கடதாசி ஒட்டினோம். அதற்குப் பிறகு பெயர்களை நான் கேட்டு எழுதுவதில்லை. வீட்டார் தங்கள் கையால் எழுதித் தரவேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகளின் பெயருக்கு எழுத்துக்கூட்டலைப் பெற்றோரிடமே வட்ஸ்அப்பில் கேளுங்கள்.

தேவாரம், நன்றி நவிலல் எல்லாம் அச்சகத்திலேயே தயாராக இருக்கும். மாதிரி பார்க்க விரும்பினால் நூலகம் இணையத்தளத்தில் பழைய நினைவு மலர்கள் நிறைய இருக்கின்றன.

இருபத்தைந்தாம் நாளுக்குள் அச்சகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். புரூஃப் வந்ததும் குடும்பத்தில் அதிகம் சண்டை பிடிக்கும் மாமியிடம் முதலில் காட்டுங்கள்.