புயல் மாதங்களில் பாய்மரப் படகைக் கரையேற்றிப் பராமரித்தல்

கரீபியக் கடலில் பாய்மரப் படகையே வீடாகக் கொண்டவர்கள் டிசம்பர் முதல் மே வரை தீவு தீவாகச் சுற்றுவார்கள். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரையிலான புயல் பருவத்தில் தெற்கே ஒதுங்கிவிடுவார்கள். அவர்களில் பலர் நாடுவது டிரினிடாட் தீவின் வடமேற்கு முனையிலுள்ள சாகுவராமஸ் விரிகுடாவை. புயல்கள் வழக்கமாகச் செல்லும் பாதைக்கு அது தெற்கே இருக்கிறது. சற்று வடக்கேயுள்ள கிரெனடாவையும் பாதுகாப்பான இடமாகக் கருதியவர்கள் உண்டு. 2004 செப்டம்பரில் ஐவன் புயலும், 2024 ஜூலை 1 அன்று அந்நாட்டின் காரியாகோ தீவைத் தாக்கிய பெரில் புயலும் அந்த நம்பிக்கையைத் தகர்த்தன. ஆகவே காப்பீட்டு ஒப்பந்தம் எந்த அட்சரேகை வரை அனுமதிக்கிறது என்பதைப் படித்துப் பார்த்த பிறகே இடத்தை முடிவு செய்யுங்கள்.

படகு நீரில் இருக்கும்போதே முடிக்க வேண்டிய வேலைகள் பல உள்ளன. எஞ்சின் கடல்நீரால் குளிர்விக்கப்படுவதால், கரையேறிய பின் அதை இயக்குவது தொல்லை பிடித்த காரியம். எனவே முன்கூட்டியே நன்கு சூடேறும்வரை ஓடவிட்டு, சூடு தணியும் முன் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றிவிடுங்கள். பழைய எண்ணெயில் சேர்ந்திருக்கும் அமிலங்கள் மாதக்கணக்கில் தேங்கினால் உள்ளிருக்கும் உலோகப் பாகங்களை அரித்துவிடும். டீசல் தொட்டியை நிரப்பி வைத்தால் ஈரக்காற்று உள்ளே தங்குவதற்கு இடம் குறையும். தொட்டியின் அடியில் தண்ணீர் சேர்ந்தால் அதில் நுண்ணுயிர்கள் பெருகி எரிபொருள் குழாய்களை அடைத்துவிடும். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி இருந்தால் அதன் சவ்வுக்குச் சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசலைச் செலுத்திப் பாதுகாக்க வேண்டும். கழிப்பறைக் குழாய்களில் கடல்நீர் தேங்கினால் அதிலுள்ள சிற்றுயிர்கள் செத்து அழுகிய முட்டை நாற்றம் வீசும் என்பதால், அவற்றை நன்னீரால் அலசிவிடுங்கள்.

பாய்களைக் காற்றில்லாத காலை நேரத்தில் இறக்கி, நன்னீரில் அலசி, முற்றிலும் உலர்ந்த பிறகு மடித்து வையுங்கள். முன்பாயைச் சுருட்டிய நிலையிலேயே விட்டுச் செல்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அச்சமாக இருக்கிறது. பலத்த காற்றில் அது அவிழ்ந்தால், பாய் கிழிவதோடு நிற்காது. கரையில் நிற்கும் படகையே சாய்த்துவிடக் கூடும்.

கரையில் படகின் எடையை, அதன் அடியில் நீண்டிருக்கும் கனத்த அடிக்கட்டை தாங்குகிறது. பக்கவாட்டு இரும்புத் தாங்கிகள் படகு சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே. மழையில் மண் இளகும் என்பதால் ஒவ்வொரு தாங்கியின் கீழும் ஒட்டுப்பலகை இருக்கிறதா, எதிரெதிர்த் தாங்கிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். தார்ப்பாய்க் கயிற்றை எக்காரணம் கொண்டும் தாங்கியில் கட்டாதீர்கள். காற்று தார்ப்பாயைத் தூக்கும்போது தாங்கியையும் இழுத்துவிடும். தாங்கியை நகர்த்த வேண்டியிருந்தால் படகுப் பட்டறை ஊழியர்களிடமே விட்டுவிடுங்கள்.

கரையேறிய படகுக்கு மழைநீரால்தான் ஆபத்து அதிகம். மேல்தளத்திலிருந்து நீர் வடியும் துளையை நாலைந்து இலைகள் அடைத்தாலே போதும், தேங்கும் நீர் உள்ளே இறங்கி மின்கலங்களையும் எஞ்சினையும் எட்டிவிடும். அடித்தளத்தில் வடிகால் திருகு இருந்தால் திறந்து வையுங்கள். தேங்கிய நீரில் கொசு பெருகும். டெங்கு பரவும் தீவில் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

வேலை நடக்கும்போது படகிலேயே தங்குவதானால் சில ஏற்பாடுகள் வேண்டும். கடல்நீரால் குளிர்விக்கப்படும் குளிர்பெட்டி கரையில் இயங்காது. கைகழுவும் தொட்டியின் நீர் நேரே கீழே நிற்பவர் தலையில் விழும் என்பதால் வாளி வைத்துப் பிடிக்க வேண்டும். கழிப்பறைக்கு ஏணியிறங்கிப் பட்டறைக்குத்தான் செல்ல வேண்டும். டிரினிடாட்டில் மின்சாரம் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்பதால், 230 வோல்ட்டுக்கு அமைந்த ஐரோப்பியப் படகுகளுக்கு மின்மாற்றி தேவைப்படும். மேல்தளத் திறப்பில் சிறிய ஏசி ஒன்றைப் பொருத்தினால் உறக்கமும் கிடைக்கும், பூஞ்சையும் குறையும். மளிகை வந்த அட்டைப்பெட்டிகளைக் கீழேயே விட்டுவிடுங்கள். கரப்பான் முட்டைகள் அவற்றின் மடிப்புகளில்தான் ஏறி வருகின்றன.

அடிப்பகுதியில் ஒட்டிய கொட்டலசுகள் எனும் ஓடுள்ள சிற்றுயிர்களைப் படகைத் தூக்கியவுடன், ஈரம் காயுமுன் சுரண்டிவிடுங்கள்; காய்ந்தால் உளிபோட்டாலும் எளிதில் வராது. பாசி பிடிக்காமல் தடுக்கும் பழைய பூச்சில் செம்பு கலந்திருப்பதால் அதன் தூள் நஞ்சு. உலரத் தேய்க்காமல் நீர் விட்டுத் தேய்ப்பதும், நல்ல சுவாசக் கவசம் அணிவதும் கட்டாயம். புதிய பூச்சு இரண்டு முறை போதும். நீர்மட்டக் கோட்டிலும் சுக்கானின் முன்விளிம்பிலும் மூன்றாவது முறையும் பூசலாம். அரிப்பைத் தானேற்றுக் கரையும் துத்தநாகக் கட்டிகள் பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள், ஆனால் அவற்றின்மேல் பூச்சுப் படக் கூடாது.

இந்த மாதங்களில் வேறு எதைத் தள்ளிப்போட்டாலும், நீர்மட்டத்துக்குக் கீழே உடற்பகுதியைத் துளைத்துச் செல்லும் வால்வுகளை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் கழற்றி, துடைத்து, கிரீஸ் இட்டு, தடையின்றித் திறந்து மூடுகிறதா என்று பாருங்கள். உலோகம் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அது பித்தளை, அதிலிருந்து துத்தநாகம் கரைந்து போய்விட்டது என்று பொருள்; வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் ஒரு தட்டில் உடையலாம். அதை வெண்கலத்தால் மாற்றுங்கள். வால்வு உடைந்தால் துளையை அடைக்க, ஒவ்வொன்றின் அருகிலும் அதன் அளவுக்கேற்ற மரக்கூம்பு ஒன்றைக் கட்டி வையுங்கள்.

நவம்பரில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவதால் தூக்கும் இயந்திரத்துக்கு முன்பதிவு செய்துவிடுங்கள். படகு நீரைத் தொட்டதும், அதைத் தாங்கும் இயந்திரத்தின் பட்டைகளை அவிழ்க்க விடாதீர்கள். தொங்கும் நிலையிலேயே உள்ளே இறங்கி, ஒவ்வொரு வால்வையும் விளக்கடித்துப் பார்த்து, விரலால் தடவி ஈரம் சோதியுங்கள். உந்துவிசிறியைச் சுழற்றும் தண்டின் வழியே நீர் புகாமல் தடுக்கும் அடைப்பு பெல்லோஸ் (துருத்தி போன்ற மடிப்புள்ள ரப்பர்) வகையாக இருந்தால் அதைச் சற்றே அழுத்தி, சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். காற்று நின்றால் அடைப்பு நீரின்றிச் சூடேறிக் கெட்டுவிடும். பட்டறையினர் அவசரப்படுத்தினாலும், எஞ்சின் ஓடி, புகைக்குழாயில் நீர் வருவதைக் கண்ட பிறகே பட்டைகளை இறக்கச் சொல்லுங்கள்.