யூட்டாவின் பாறைப் பூங்காக்களுக்குக் காரில் செல்வோருக்கு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துத் தென்பகுதியில் சயான், பிரைஸ் கேன்யன், கேப்பிட்டல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் ஆகிய ஐந்து தேசியப் பூங்காக்களையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட முடியும். ஆனால் ஐந்தே நாளில் முடித்துவிட எண்ணிப் புறப்பட்டால் பகற்பொழுதின் பெரும்பகுதி காருக்குள்ளேயே கழிந்துவிடும். எட்டு நாளாவது ஒதுக்குங்கள். இயலாதென்றால் இரண்டு பூங்காக்களை விட்டுவிட்டு மற்றவற்றில் நிதானமாக நடப்பதே மேல்.

ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் வரையும் ஏற்ற காலம். கோடையில் தாழ்வான பூங்காக்களில் வெயில் 38 பாகை செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகல் இடிமழை குறுகிய பள்ளத்தாக்குகளில் திடீர் வெள்ளத்தைக் கொண்டுவரும். நீங்கள் நிற்கும் இடத்தில் வானம் தெளிந்திருந்தாலும், எங்கோ மேற்புறத்தில் பெய்த மழை உங்களை வந்தடையலாம் என்பதால், நடக்கத் தொடங்குமுன் பூங்கா அலுவலகத்தில் அன்றைய வெள்ள எச்சரிக்கையைக் கேட்டறிவது கட்டாயம். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் காரில் இருக்கட்டும்.

லாஸ் வேகஸிலிருந்து சயான் சுமார் 260 கிலோமீட்டர். மாநில எல்லையைக் கடந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே செல்லும் என்பதை மறந்தால் முதல் நாளிலேயே பொழுது போதாமல் போகும். ஆண்டின் பெரும்பகுதியில் சயானின் உட்பள்ளத்தாக்குச் சாலையில் சொந்தக் காருக்கு அனுமதியில்லை. பூங்காவின் இலவசப் பேருந்தில்தான் செல்ல வேண்டும். ஏஞ்சல்ஸ் லேண்டிங் முகட்டில் ஏறுவதற்கு 2022 முதல் குலுக்கல் முறையில் அனுமதிச் சீட்டு தருகிறார்கள். பயணத் தேதி முடிவானதும் அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

பிரைஸ் கேன்யனின் விளிம்பு 2,400 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பதால், சயானில் வியர்த்த உடல் இங்கே கம்பளி கேட்கும். இந்தக் குளிர்தான் இங்குள்ள ஆயிரக்கணக்கான பாறைத் தூண்களைச் செதுக்கியது. ஆண்டில் ஏறத்தாழ 200 நாள் பாறை இடுக்கில் தேங்கிய நீர் இரவில் உறைந்து விரிவதும் பகலில் உருகுவதுமாக, சுண்ணாம்புப் பாறையைச் சிறிது சிறிதாகப் பிளக்கிறது. விளிம்பில் நின்று படமெடுத்துத் திரும்பிவிடாதீர்கள். சூரியன் எழும்போது மேலிருந்து பார்த்துவிட்டு, குயின்ஸ் கார்டன் பாதையில் இறங்கி நவாஹோ லூப் வழியாக ஏறுங்கள். அத்தூண்களின் உயரமும் நிறமும் அடிவாரத்தில் நிற்கும்போதுதான் விளங்கும்.

அங்கிருந்து டோரி ஊருக்குச் செல்லும் 12ஆம் எண் நெடுஞ்சாலையைப் பகலில் மட்டுமே கடக்க வேண்டும். ஓரிடத்தில் இருபுறமும் சரிவான குறுகிய முகட்டின்மேல் சாலை ஓடுகிறது. போல்டர் மலையில் 2,900 மீட்டர்வரை ஏறுகிறது. இருட்டினால் மான்களும் மாடுகளும் குறுக்கே வரும். அதையடுத்த கேப்பிட்டல் ரீஃபைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. 160 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தின் அடுக்குகளே மடிந்து நிற்கும் காட்சியும், ஃப்ரீமான்ட் என்ற முற்காலப் பூர்வகுடி மக்கள் பாறையில் செதுக்கிய உருவங்களும், பழைய குடியேறிகள் வளர்த்த ஃப்ரூட்டா பழத்தோட்டங்களும் அங்கே அருகருகே உள்ளன.

ஆர்ச்சஸுக்கும் கேன்யன்லேண்ட்ஸுக்கும் மோவாப் ஊரில் மூன்று இரவு தங்குவது வசதி. ஆர்ச்சஸில் 2,000க்கும் மேற்பட்ட பாறை வளைவுகள் உள்ளன. அடியிலிருக்கும் தடித்த உப்புப் படுகை அசைந்து மேலிருந்த மணற்பாறையில் விரிசல்களை உண்டாக்க, அவற்றை நீரும் பனியும் அகலப்படுத்தின. அந்த அரிப்பு இன்னும் நிற்கவில்லை: சுமார் 93 மீட்டர் அகலமுள்ள லேண்ட்ஸ்கேப் வளைவிலிருந்து 1991இல் பெரும் பாளம் ஒன்று பெயர்ந்து விழுந்தது, 2008இல் வால் ஆர்ச் முழுவதுமே இடிந்தது. எனவே வளைவுகளின் மேல் ஏறாதீர்கள். டெலிகேட் ஆர்ச்சுக்குப் போய்வர 4.8 கிலோமீட்டர், வழியில் நிழல் மிகக் குறைவு. மாலையில் ஏறினால் திரும்புவதற்குக் கைவிளக்கு வேண்டும். பாதையோரம் கறுத்துப் பொருக்குத் தட்டியிருக்கும் மண் உயிருள்ளது. நுண்ணுயிர்கள் பிணைத்த அந்த மேலோடு ஒரு காலடியில் நொறுங்கினால் மீள ஆண்டுக்கணக்காகும்.

கேன்யன்லேண்ட்ஸில் ஐலண்ட் இன் த ஸ்கை பகுதி ஒரு நாளுக்குப் போதுமானது. விடியலில் மேசா வளைவின் அடிப்புறம் செந்நிறமாக ஒளிரும். இடம் கிடைக்க விடியுமுன்பே சென்றுவிட வேண்டும். நீடில்ஸ் பகுதி அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் என்பதால் அதற்குத் தனி நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது கிரீன் ரிவர் ஊரில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். மேற்கே சலைனாவரை ஏறத்தாழ 170 கிலோமீட்டருக்கு வேறு பெட்ரோல் நிலையம் இல்லை.