எல்லாம் அடக்கம் என்ற சொகுசுக் கப்பலில் டிப்ஸ் யாருக்கு, எவ்வளவு, எப்போது

லண்டனிலோ கனடாவிலோ இருக்கிற பிள்ளைகள் "அம்மா, இந்த வருசம் உங்களையும் அப்பாவையும் கப்பலில் கூட்டிக்கொண்டு போகிறோம்" என்று சொன்னதும் மட்டக்களப்புப் பக்கம் கல்லடியிலும் ஆரையம்பதியிலும் களுவாஞ்சிகுடியிலும் உள்ள பெற்றோர் முதலில் விசாவைப் பற்றிக் கவலைப்படுவார்கள், பிறகு உடுப்பைப் பற்றி, அப்புறம் மரக்கறிச் சாப்பாடு கிடைக்குமா என்பதைப் பற்றி. பயணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போதுதான் எனக்குப் போன் வரும். "தம்பி, அங்க வேலை செய்யிற பொடியனுகளுக்குக் காசு குடுக்க வேணுமாமே, எவ்வளவு குடுக்கிற?"

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் தொடங்கி, அதன்பின் ஏழு வருசம் கப்பலில் அறை பார்க்கும் ஸ்டூவர்டாக இருந்தவன் நான். டிப்ஸ் வாங்கின பக்கத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

முதலில் டிக்கெட்டைப் பாருங்கள். "எல்லாம் அடக்கம்" என்ற சொல்லுக்கு எல்லாக் கம்பெனியிலும் ஒரே அர்த்தம் கிடையாது. ரீஜென்ட் செவன் சீஸ், சில்வர்சீ, சீபோர்ன் மாதிரியான உண்மையான சொகுசுக் கப்பல்களில் டிப்ஸ் கட்டணத்துக்குள்ளேயே இருக்கிறது. இங்கிலாந்துக்காரர் அதிகம் போகும் மரெல்லாவிலும், ஜெர்மன்காரரின் மைன் ஷிஃப் கப்பல்களிலும் அப்படித்தான். பி அன்ட் ஓ எல்லாம் அடக்கமான கப்பல் இல்லை, ஆனால் 2019 இலிருந்து அங்கும் தனியாக டிப்ஸ் அறவிடுவதில்லை. இவற்றில் போகிறவர்கள் ஒரு சதமும் மேலதிகமாகக் கொடுக்காமல் இறங்கி வந்தாலும் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை, ஏனென்றால் நீங்கள் ஏற்கனவே கொடுத்துவிட்டீர்கள்.

பெரிய கப்பல்கள் வேறு கதை. ராயல் கரீபியன், கார்னிவல், நோர்வீஜியன் போன்றவற்றில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று டிப்ஸை அவர்களாகவே உங்கள் கணக்கில் ஏற்றிவிடுவார்கள். கம்பெனியையும் அறையையும் பொறுத்து அது சுமாராக 16 டொலரிலிருந்து 25 டொலர் வரை வரும். 18 டொலர் என்றே வைத்துக்கொள்வோம்: அம்மா, அப்பா இரண்டு பேர், ஏழு இரவு, 252 டொலர். பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்தால் 504. இதைக் கடைசி நாள் பில்லில் பார்த்துவிட்டு மகனும் மருமகளும் ரிசப்ஷனில் நின்று முறைத்துக்கொள்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பதிவு செய்யும்போதே முன்கூட்டிக் கட்டிவிடலாம், அநேகமான கம்பெனிகள் விடும். கட்டிவிட்டால் அந்தச் சண்டை இல்லை.

இன்னொரு பொறியும் உண்டு. "குடிவகை இலவசம்" என்று தரும் சலுகைகளில் சிலவற்றில் குடிவகைதான் இலவசம், அதற்கான 18 முதல் 20 வீத சர்விஸ் சார்ஜ் உங்கள் தலையில். எங்கட அப்பாமார் பலர் ஒரு தோடம்பழ ஜூசோடு நிறுத்திக்கொள்கிறவர்கள், அவர்களுக்கும் சேர்த்து அந்தக் காசு போகும். பதிவு செய்கிற பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்: அன்றாட டிப்ஸ், குடிவகை சர்விஸ் சார்ஜ், தனியாகக் காசு கட்டிச் சாப்பிடும் ரெஸ்டோரன்ட்டின் சர்விஸ் சார்ஜ், இந்த மூன்றும் விலைக்குள் இருக்கிறதா? வாயால் சொல்வதை நம்பாமல் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

சரி, கணக்கில் ஏறின டிப்ஸை வேண்டாம் என்று எடுக்கச் சொல்லலாமா? பல கப்பல்களில் ரிசப்ஷனில் போய்க் கேட்டால் குறைத்தோ நீக்கியோ தருவார்கள், அது உங்கள் உரிமை. ஆனால் ஏன் எடுக்கிறீர்கள் என்பதுதான் விசயம். "நாங்க கையால குடுக்கிறம், அப்பதான் வேலை செஞ்சவனுக்குப் போய்ச் சேரும்" என்று எங்கட ஆட்கள் சொல்வார்கள். கேட்க நல்லாயிருக்கும். அந்த அன்றாடக் காசு உங்களுக்குத் தெரிந்த இரண்டு முகங்களுக்கு மட்டும் போவதில்லை. படுக்கை விரிப்புத் துவைக்கிறவன், கோப்பை கழுவுகிறவன், இரவு இரண்டு மணிக்கு நடைபாதையைத் துடைக்கிறவன் என்று நீங்கள் ஒரு நாளும் காணாத ஆட்களுக்கும் அதில் பங்கு உண்டு. அவர்களும் ஆறு தொடக்கம் ஒன்பது மாத ஒப்பந்தத்தில், கிழமையில் ஒரு முழுநாள் லீவுகூட இல்லாமல் நிற்கிறவர்கள்தான். அத்தோடு சில கம்பெனிகளில், டிப்ஸை நீக்கின பயணி கையில் தருகிற காசை நாங்கள் பொதுப் பெட்டிக்கு ஒப்படைக்க வேண்டும். அதாவது நீங்கள் எனக்கென்று தந்ததும் எனக்கில்லை.

இது எங்களுக்குப் புதிய விசயமும் இல்லை. பாசிக்குடா ஹோட்டல் பில்லில் 10 வீத சர்விஸ் சார்ஜ் போடுகிறார்களே, அதைப் பங்கு போட்டுத்தான் அங்கு பொடியன்கள் வாழ்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கடல் கலங்கி ஆட்கள் வராமல் போனால் அந்தப் பங்கு ஒரு பஸ் டிக்கெட் காசுக்குச் சுருங்கிவிடும். நான் கப்பலுக்குப் போனதற்கே அதுதான் காரணம்.

ஆகவே அன்றாட டிப்ஸை அப்படியே விட்டுவிடுங்கள். அதற்கு மேல் கையால் கொடுப்பது முழுக்க உங்கள் விருப்பம், ஊரில் "சந்தோசம்" என்று சொல்கிறோமே, அந்தக் கணக்கு. யாருக்கு என்று கேட்டால், எங்கட ஆட்கள் ஒரு பிழை விடுவார்கள்: கோட்டுப் போட்டு, கை கட்டி, அழகாக இங்கிலீஷ் பேசுகிற மேற்பார்வையாளருக்கு 50 டொலர் கொடுப்பார்கள், ஏழு நாளும் தண்ணி ஊற்றி, அப்பாவுக்கு மிளகாய்த்தூள் தேடிக் கொண்டுவந்து கொடுத்த உதவி வெயிட்டரை மறந்துபோவார்கள். முதலில் அறை பார்க்கிறவர், பிறகு வழமையாக உங்கள் மேசைக்கு வரும் இரண்டு பேர், குழந்தைகள் கிளப்பில் பேரனைப் பார்த்துக்கொண்டவர். ஒரு கிழமைப் பயணத்துக்கு இவர்களில் ஒருவருக்கு 10 முதல் 20 டொலர் என்றால் அது தாராளம். பெரிய சூட் அறை எடுத்து பட்லர் ஒருவர் உங்களுக்கென்றே நின்றிருந்தால் அவருக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம். கப்டன், வெள்ளைச் சட்டை அதிகாரிகள், கப்பல் டொக்டர், இவர்களுக்குக் காசு நீட்டக் கூடாது, அது அவர்களைச் சங்கடப்படுத்தும்.

பாரிலும் ஸ்பாவிலும் கையெழுத்துப் போட ஒரு துண்டு தருவார்கள். சர்விஸ் சார்ஜ் ஏற்கனவே சேர்த்துத்தான் இருக்கும், ஆனாலும் கீழே "மேலதிக டிப்ஸ்" என்று ஒரு வெற்றுக் கோடு இருக்கும். அதை நிரப்பத்தான் வேண்டும் என்று நினைத்து இரண்டாம் தரம் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கோட்டின் மேல் ஒரு கீறு கீறிவிட்டு, மொத்தத்தைப் பார்த்து, கையெழுத்தைப் போடுங்கள்.

கப்பலை விட்டு இறங்கிச் சுற்றுலா போகும்போதுதான் "எல்லாம் அடக்கம்" என்ற நினைப்பு ஆட்களைக் கவிழ்க்கும். அந்த ஊர் வழிகாட்டியும் பஸ் சாரதியும் கப்பல் ஆட்கள் இல்லை, நீங்கள் கட்டின டிப்ஸில் அவர்களுக்குப் பங்கு வராது. சுற்றுலாவின் காசு டிக்கெட்டுக்குள் இருந்தாலும் அப்படித்தான். அரைநாள் சுற்றுக்கு வழிகாட்டிக்கு உங்களில் ஆளுக்கு ஐந்து டொலரும் சாரதிக்கு இரண்டும் கொடுத்தால் போதும். 2023 ஜூனில் சென்னையிலிருந்து காங்கேசன்துறைக்கு முதல் தரம் சொகுசுக் கப்பல் வந்தபோது இறங்கின ஆட்களைச் சுற்றிக் காட்டினவர்களும் எங்கட வான்காரர்கள் மாதிரித்தானே இருந்திருப்பார்கள். அந்தப் பக்கம் நின்று ஒருக்கால் யோசித்தால் எவ்வளவு என்பது தானாகத் தெரியும்.

இப்போது காசு. மட்டக்களப்பில் வங்கியில் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் காட்டி டொலர் வாங்கினால் பெரும்பாலும் நூறு டொலர் தாள்தான் கையில் வரும். நூறைக் கொடுத்து எண்பது மிச்சம் கேட்க முடியாது. பிள்ளைகளிடம் சொல்லி ஐந்தும் பத்துமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஏறின முதல் நாளே ரிசப்ஷனில் மாற்றிவிடுங்கள், கடைசி நாள் அங்கே வரிசை நிற்கும். சில்லறைக் குற்றி கொடுக்க வேண்டாம். அதை எங்களால் எங்கும் மாற்ற முடியாது, என் லொக்கரில் ஐந்தாறு நாட்டுக் குற்றி ஒரு பிஸ்கட் டின் நிறையக் கிடந்தது.

கொடுக்கும் நேரம் கடைசி இரவு, சாப்பாட்டுக்கு முன்போ பின்போ. கடைசிக் காலையில் வேண்டாம். அன்றைக்கு நாங்கள் மனிதர்களாகவே இருக்க மாட்டோம், நீங்கள் இறங்கி நாலைந்து மணித்தியாலத்தில் அடுத்த ஆட்கள் அதே கட்டிலுக்கு வருவார்கள். பெரிய பெட்டிகளை முந்தின இரவே வாசலில் வைக்கச் சொல்வார்கள், டிப்ஸ் காசை அந்தப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி அனுப்பிவிட்டு முழித்த ஒரு ஐயாவை எனக்கு நல்லா ஞாபகம். என்வலப்பில் ஸ்டூவர்டின் பெயரை எழுதுங்கள். பெயரில்லாத காசு அறையில் கிடந்தால் அதை மறதியாக விட்ட பொருள் என்று ஒப்படைக்க வேண்டி வரலாம். கையில் கொடுப்பதென்றால் சித்திரை வருசத்துக்குக் கைவிசேடம் கொடுக்கிற மாதிரிக் கொடுங்கள், இரண்டு வார்த்தை பேசி, முகத்தைப் பார்த்து. நாலு பேருக்கு முன்னால் தாளை விசிறிக் காட்டி வேண்டாம்.

காசு முடிந்துவிட்டதா, கவலையே வேண்டாம். பயணம் முடிந்ததும் மின்னஞ்சலில் ஒரு கருத்துப் படிவம் வரும். அதில் அவருடைய பெயரையும் என்ன செய்தார் என்பதையும் எழுதுங்கள். மேலாளர்கள் அதை வாசிப்பார்கள், பதவி உயர்வுக்கும் அடுத்த ஒப்பந்தத்துக்கும் அது பேசும். எனக்கு 20 டொலரை விட ஒரு பெயர் பெரிது, சத்தியமாக.

இன்னொரு விசயம், இது டிப்ஸ் இல்லை, ஆனால் சொல்ல வேண்டும். 2022 மாசி மாதம் என் பகுதியில் ஒரு அம்மா தங்கினார், மகளோடு லண்டனில் இருக்கிறவர், சொந்த ஊர் அரசடி. என் பெயர்ப் பட்டியைப் பார்த்துவிட்டு "நீ மட்டக்களப்பில எவடம் மனே?" என்றார். கல்லடி என்றதும் முடிந்தது. அடுத்த நாளிலிருந்து நான் போகும்போது கட்டில் விரித்து, குளியலறை துடைத்து, துவாய் மடித்து எல்லாம் முடிந்திருக்கும். "நம்மட ஊர்ப் பொடியன் என்ட படுக்கைய விரிக்கிறதா?" என்று கேட்பார். பாசம்தான், ஆனால் மேற்பார்வையாளர் வந்து பார்க்கிற மடிப்பு வேறு, அவருடைய மடிப்பு வேறு, எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பச் செய்ய வேண்டும். ஊர்ப் பொடியனைக் கண்டால் நாலு கதை கதையுங்கள், வேலையை அவனிடம் விட்டுவிடுங்கள்.

அந்த அம்மா கடைசி இரவு என் கையைப் பிடித்து ஒரு ஆயிரம் ரூபாய்த் தாளைத் திணித்தார், இலங்கைக் காசு, எப்போதோ பேர்சில் கிடந்தது. அன்றைக்கு அது ஐந்து டொலர். கப்பலில் யாரும் மாற்றித் தர மாட்டார்கள் என்பதால் லொக்கரில் பிஸ்கட் டின்னுக்குக் கீழே வைத்தேன். ஒப்பந்தம் முடிந்து ஆவணியில் நான் ஊருக்கு வந்தபோது டொலர் 360 ரூபாய், அந்தத் தாள் மூன்று டொலருக்கும் கீழே. ஆகவே ரூபாய் கொண்டுபோக வேண்டாம். அந்தத் தாளை நான் இன்னும் மாற்றவில்லை.