பவர் ஏத்துறேன்னு பண்ற தப்புகள்: பெட்ரோல் வண்டி வேற, எலெக்ட்ரிக் வண்டி வேற

பவர் ஏத்தணும்னு தோணுனதும் நம்மாளுங்க மொதல்ல வாங்குறது கோன் ஃபில்டர், அதாவது கூம்பு வடிவ ஏர் ஃபில்டர். வண்டியோட வந்த ஏர்பாக்ஸ் (ஏர் ஃபில்டர் உக்காந்திருக்குற டப்பா) பெரும்பாலும் கிரில் பக்கத்துலேர்ந்து வெளிக்காத்த இழுக்கும், அதக் கழட்டிட்டு கோன தொறந்தாப்ல வச்சா பானட்டுக்குள்ள இருக்குற சூட்டுக்காத்துதான் உள்ள போகும், சூட்டுக்காத்துல ஆக்சிஜன் கம்மி, சத்தம் மட்டும் கூடும். நானும் மாட்டுனேன். அரைமணி நேரம் ட்ராஃபிக்ல நின்னுட்டு பானட்டத் தொறந்து இஞ்சினுக்குக் காத்து போற இன்டேக் பைப்பத் தொட்டா கை வைக்க முடியல, அன்னிக்கே பழைய ஏர்பாக்ஸ் திரும்ப ஏறிடுச்சு.

அடுத்தது ரீமேப், அதாவது இஞ்சினோட கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர மாத்துறது. டர்போ (காத்த அமுக்கி இஞ்சினுக்குள்ள தள்ளுற விசிறி) இருந்தா பூஸ்ட்ட, அதாவது அந்த அழுத்தத்த ஏத்தலாம், வித்தியாசம் நல்லாவே தெரியும். டர்போ இல்லாத இஞ்சின் இழுக்குற காத்து அதே அளவுதான், வெறும் சாஃப்ட்வேர மாத்தி பெருசா ஒண்ணும் வராது, தயவுசெஞ்சு காசு கொட்டாதீங்க. டர்போலயும் டார்க்க (சக்கரத்தத் திருப்புற விசைய) ஏத்திட்டு கிளட்ச்ச மறந்துடறாங்க. நாலாவது கியர்ல ஆக்சிலேட்டர மிதிக்கும்போது ஆர்பிஎம் முள்ளு மட்டும் ஜிவ்வுனு ஏறுது, ஸ்பீடு ஏறல, கருகுன வாடை வருதுன்னா கிளட்ச் வழுக்குது.

ஹார்ஸ்பவர் நம்பர மட்டும் வச்சு எலெக்ட்ரிக் காரோட ஒப்பிடறதும் தப்பு. மோட்டார் நின்ன இடத்துலேர்ந்தே முழு டார்க்கும் குடுக்கும், இஞ்சின் ஆர்பிஎம் ஏறணும். ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர், அங்க காத்து லேசாகறதால டர்போ இல்லாத இஞ்சினுக்கு 20 சதவீதம் போல பவர் போயிடும், மோட்டாருக்கு அந்தக் கவலையே இல்ல. ஆனா சார்ஜ் ரொம்ப எறங்குனா பேட்டரி வோல்டேஜும் எறங்கும், பவரும் கொறையும், ஃபுல் சார்ஜ்ல பறந்த வண்டிதானேன்னு 10 சதவீதத்துல லாரிய ஓவர்டேக் பண்ணப் போகாதீங்க.

என்ன ரொம்ப பயமுறுத்துறது எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்ல பிஎம்எஸ்ஸ (பேட்டரியக் காவல் காக்குற சர்க்யூட்ட) பைபாஸ் பண்ணி கரண்ட் லிமிட்ட ஏத்துறதுதான். கரண்ட் ரெண்டு மடங்கானா வயர்லயும் செல்லுலயும் சூடு நாலு மடங்கு. 2019-ல டெஸ்லா 2,000 டாலர் வாங்கிட்டு மாடல் 3-ல 0-லேர்ந்து 60 மைல் வேகத்துக்கு 4.4 செகண்ட் ஆனத 3.9 ஆக்குச்சு, வெறும் சாஃப்ட்வேர்தான், ஆனா அந்த பேட்டரியும், மோட்டாருக்கு கரண்ட மாத்திக் குடுக்குற இன்வெர்ட்டரும் எவ்வளவு தாங்கும்னு செஞ்சவங்களுக்கே தெரியும். நம்ம தெருமுனை கடைல அத அளக்க வழியே கிடையாது, அந்த ஸ்கூட்டர் ராத்திரி சார்ஜ் ஏறுறது பிள்ளைங்க தூங்குற ரூமுக்கு வெளியதான்.