லோரி லைசென்ஸில் செய்யும் தவறுகள்: கதவில் உள்ள எண்ணும் தொட்டியில் உள்ள காற்றும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்கு ஆள் தேடினால், "லைசென்ஸ் இருக்கிறதா?" என்று கேட்பார்கள். "இருக்கிறது" என்று பதில் வரும். எந்த லைசென்ஸ் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கார் ஓட்டும் டி உரிமம், வெறும் வண்டியின் எடை 3,500 கிலோவைத் தாண்டாதவரைதான் செல்லும். 5,000 கிலோ வரை இ2, 7,500 வரை இ1, அதற்கும் மேல் இ. இதில் பலர் தடுமாறுவதற்கு நம் எழுத்தும் உடந்தை என்பேன். லோரிக் கதவில் இரண்டு எடைகளை மலாயில் பெயின்டால் எழுதியிருப்பார்கள். ஒன்று 'பெராட் தன்பா மூவாத்தான்', சுமையில்லாத எடை. மற்றது 'பெராட் டெங்கான் மூவாத்தான்', சுமையோடு சேர்ந்த எடை. இரண்டையும் சுருக்கித் தமிழில் எழுதிப் பாருங்கள்: பி.டி.எம்., பி.டி.எம்.! பட்டறையில் ஒருவர் ஒன்றைச் சொல்ல, கேட்டவர் மற்றதைக் குறித்துக்கொண்டு போவார். உரிம வகுப்புக்குப் பார்க்க வேண்டியது சிறிய எண்ணை.

வகுப்பு சரியாக இருந்தும் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. கூலிக்குச் சரக்கு ஏற்றும் லோரியை ஓட்ட ஜிடிஎல் என்ற தொழில் உரிமம் தனியாக வேண்டும். அதற்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனையும் உண்டு. கார் உரிமத்தை ஒழுங்காகப் புதுப்பித்துவிட்டு ஜிடிஎல் தேதியைக் கோட்டைவிட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். டிராக்டர் ஓட்டும் எஃப் உரிமம் லோரிக்கு உதவாது.

"தோட்டத்துக்குள் ஓட்டுவதற்கு எதற்கு லைசென்ஸ்?" என்பது நெடுநாள் பேச்சு. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம், பொதுமக்கள் வந்துபோகக்கூடிய எந்தப் பாதையையும் சாலை என்றே கணக்கில் எடுக்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் கோவிலுக்குப் போகிறவர்களும் நடக்கும் செம்மண் பாதை, முதலாளியின் நிலம் என்பதாலேயே சட்டத்திலிருந்து விலகிவிடாது. அதே சட்டத்தின் 26ஆவது பிரிவு, உரிமமில்லாமல் ஓட்டியவரோடு ஓட்டச் சொன்னவரையும் பிடிக்கும். "எடைமேடை வரைக்கும்தானே, கொண்டுபோ தம்பி" என்று சாவியை நீட்டும் கிராணிமார்கள் (தோட்டத்து எழுத்தர்கள்) இதைப் படித்தால் நல்லது.

இனி ஏர் பிரேக், அதாவது தொட்டியில் அடைத்த காற்றின் அழுத்தத்தால் பிடிக்கும் பிரேக். கனடாவின் ஒன்டாரியோவில் அதற்கென்றே 'இசட்' என்ற தனி அங்கீகாரம் வாங்க வேண்டும். நம் உரிம வகுப்புகளோ எடையைப் பார்க்கின்றன, பிரேக்கைப் பார்ப்பதில்லை. அதனால் எண்ணெய் பிரேக்கில் பழகிய கால், ஒரே நாளில் பெரிய லோரியில் ஏறிவிடுகிறது.

நம் ஊர் ஈரக் காற்றில் தொட்டியில் தண்ணீர் சேராமல் இருக்காது. விடியற்காலையில் வண்டிக்கு அடியில் குனிந்து வடிகால் வால்வின் வளையத்தை இழுத்தால், காற்றோடு காப்பி நிறத்தில் தண்ணீரும் எண்ணெயும் தெறிக்கும். சட்டை அழுக்காகுமென்று இதைத் தவிர்க்கிறார்கள். இன்னும் சிலர் காற்றழுத்தம் காட்டும் முள் ஏறும்வரை காத்திருக்க மாட்டார்கள். எச்சரிக்கை மணி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே கியரைப் போடுவார்கள்.

காற்று போனால் ஸ்பிரிங் தானாகச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் எல்லா வண்டிக்கும் பொருந்தாது. ஸ்பிரிங் பிரேக் பொருத்திய முழு ஏர் பிரேக் வண்டியில் பிடிக்கும். காற்றைக் கொண்டு எண்ணெயைத் தள்ளும் நடுத்தர லோரிகள் பலவற்றில், காற்று தீர்ந்தால் கால் பிரேக்கே இருக்காது. உங்கள் வண்டி எந்த ரகம் என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

நானும் தப்பவில்லை. முதல் மாதம், குலை நிறைந்த வண்டியோடு ஒரு சரிவில் இறங்கும்போது, பழைய பழக்கத்தில் பிரேக்கை விட்டு விட்டு மிதித்தேன். ஒவ்வொரு மிதிக்கும் தொட்டியிலிருந்து காற்று கழிகிறது என்பது அப்போது உறைக்கவில்லை. பாதிச் சரிவில் மணி ஒலித்தது. முள் சிவப்பை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூத்த ஓட்டுநர் மிதிப்பதை நிறுத்தி ஒரே அழுத்தாக அழுத்தச் சொன்னார். வண்டி நின்ற பிறகுதான் திட்டினார்: இரண்டாவது கியருக்கு மேட்டின் உச்சியிலேயே இறக்கியிருக்க வேண்டுமாம்.